கஸ்தூரி எலி என்று ஒரு எலி

பழைய மதராஸைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டதைத் தமிழாக்கும்போது அடிக்கடி ஒரு பிராணி குறுக்கே ஓடும். மஸ்க்-ரேட். சமையல்கட்டில் ஓடும், ஸ்டோர் ரூமில் ஓடும், துரைசானி நாற்காலி மேல் ஏறிக் கத்துவாள். மொழிபெயர்ப்பவர் இன்றைய அகராதியைப் புரட்டுவார். ‘மஸ்க்ரேட்: வட அமெரிக்காவில் நீர்நிலைகளில் வாழும் கொறிக்கும் பிராணி’ என்று இருக்கும். தமிழில் ‘கஸ்தூரி எலி’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். இப்படியாக, கனடாவின் சதுப்புநிலத்தில் நீந்தவேண்டிய ஒரு மிருகம் மதராஸ் பங்களாவின் சுவரோரமாக ஓட ஆரம்பித்துவிடுகிறது.

அங்கே உண்மையில் ஓடியது மூஞ்சூறு. ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ பழைய வீட்டில் வளர்ந்த எவருக்கும் இதை விளக்கவேண்டியதில்லை. விளக்கு அணைத்த பிறகு ‘கீச் கீச்’சென்று சுவரை ஒட்டி ஓடும், பின்னாடியே ஒரு வாடை வரும். “எலியா?” என்று கேட்டால் வீட்டில் பெரியவர்கள் “எலி இல்ல, மூஞ்சூறு, அது பாட்டுக்குப் போவும், வுட்ரு” என்பார்கள். இந்தப் பதிலில் மூன்று அகராதிகளில் இல்லாத துல்லியம் இருக்கிறது. என் வழக்கு இவ்வளவுதான்: தமிழ் தெளிவாகப் பிரித்து வைத்திருந்த ஒன்றை ஆங்கிலப் பெயர் குழப்பியது, அந்தக் குழப்பத்தை நாம் ‘கஸ்தூரி எலி’ என்று திரும்ப இறக்குமதி செய்துகொண்டோம். அந்தப் பெயரில் உள்ள இரண்டு சொல்லும் தப்பு.

முதலில் ஆங்கிலேயர் பக்கம். ஹென்றி யூலும் ஆர்தர் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ அகராதியில் மஸ்க்-ரேட்டுக்குத் தனிப் பதிவு உண்டு. ஆங்கிலோ-இந்தியச் சொற்களுக்கு இன்றுவரை அதைத் தாண்டிப் போக ஆளில்லை. பர்னல் மதராஸ் சிவில் சர்வீஸ்காரர், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், புத்தகம் அச்சாவதற்கு நான்கு வருஷம் முன்பே இறந்துபோனார். அந்த அகராதியின் பெயரே மொஹரம் ஊர்வலத்தில் எழும் ‘யா ஹசன், யா ஹுசைன்’ கோஷம் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் காதில் விழுந்த லட்சணம்! பெயர்கள் எப்படிக் கெடும் என்று அதன் தொகுப்பாளர்களுக்கு நன்றாகவே தெரியும்.

மஸ்க்-ரேட் பதிவில் அவர்கள் ஏமாறவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இது ஷ்ரூ வகைப் பிராணியின் உருவம் கொண்டது, சின்ன எலி அளவு பெரியது என்று சரியாகவே எழுதுகிறார்கள். மதராஸ் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டன் தந்த அறிவியல் பெயரையும் போடுகிறார்கள். கூடவே அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களின் பிரசித்தமான புகார்: இது பாட்டில் மேலே ஓடினாலே உள்ளே இருக்கும் பீர் நாறிவிடும் என்று பரவலாகச் சொல்லப்பட்டது. கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு எந்த வாடையும் உள்ளே போகாது. கார்க்கில் ஒட்டியிருக்கும், திறக்கும்போது மூக்கில் ஏறியிருக்கும். ஆனால் கப்பலில் ஆறு மாசம் வந்த சரக்கு கெட்டுப்போனதற்கு ஒரு குற்றவாளி வேண்டுமே, சுவரோரமாகப் போன மூஞ்சூறு அகப்பட்டது.

ஆக, பதிவின் உள்ளே இருப்பது சரி, தலைப்பில் இருப்பதுதான் தப்பு. ஆனால் உலகம் தலைப்பைத்தான் எடுத்துக்கொண்டு போகும். விளக்கத்தை யார் படிக்கிறார்கள்?

எடுத்துக்கொண்டு போனவர்களில் பெரிய ஆள் ருட்யார்ட் கிப்ளிங். 1894இல் வந்த ‘ஜங்கிள் புக்’கில் ரிக்கி-டிக்கி-டாவி என்ற கீரிப்பிள்ளைக் கதை இருக்கிறது. அதில் சுச்சுந்தரா என்று ஒரு பாத்திரம். கிப்ளிங் அதை மஸ்க்-ரேட் என்றுதான் அறிமுகப்படுத்துகிறார். பெயரோ இந்தி ‘சச்சூந்தர்’, அதாவது நம் மூஞ்சூறு. எப்போதும் அழுமூஞ்சி, சுவரோரமாகவே ஊர்ந்துகொண்டிருக்கும், அறையின் நடுவுக்கு வரத் துணிச்சல் கிடையாது. இதை எழுதியவர் மூஞ்சூறைக் கண்ணால் பார்த்தவர், சந்தேகமே இல்லை. அதன் கண் ரொம்பச் சின்னது, பார்வை மட்டு. மீசை மயிரும் மூக்கும்தான் வழிகாட்டி. சுவரை விட்டால் அதற்கு உலகமே தெரியாது. கிப்ளிங் அதைக் கோழைத்தனமாக்கிவிட்டார், கதைக்கு அது பொருந்துகிறது.

கோளாறு அடுத்த படியில் வருகிறது. தோட்டத்தில் இருக்கும் சுவா என்ற எலியை சுச்சுந்தராவின் உறவுக்காரனாக, ஒன்றுவிட்ட சகோதரனாக, ஆக்கிவிடுகிறார். பெயரில் ரேட் என்று இருந்தால் எலி உறவாகத்தானே இருக்கவேண்டும்? பார்த்தது சரி, கேட்ட பெயர் காலை வாரிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை. சுச்சுந்தராவின் பயமே, இருட்டில் நாகப்பாம்பு தன்னை வேறு யாரோ என்று தப்பாக நினைத்துக் கொன்றுவிடுமோ என்பதுதான். ஆள்மாறாட்டத்தில் சாகப் பயப்படும் பிராணிக்கே ஆள்மாறாட்டமான பெயர். கிப்ளிங் இதை யோசித்து எழுதியிருக்கமாட்டார், எனக்கு மட்டும் அந்த இடம் வரும்போதெல்லாம் சிரிப்பு வரும்.

சரி, எலிக்கும் மூஞ்சூறுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். நிறைய. எலி கொறிக்கும் வகை. முன்பல் இரண்டும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், அதைத் தேய்க்க எதையாவது கொறித்தாகவேண்டும்: மூட்டை, கதவு, ஒயர், எதுவானாலும். மூஞ்சூறுக்கு அந்தப் பல்லே கிடையாது. அதன் வாயில் இருப்பவை ஊசி ஊசியான பற்கள், கரப்பான்பூச்சியின் ஓட்டை உடைப்பதற்கானவை. ஒயரைக் கடித்தது மூஞ்சூறு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வகைப்பாட்டில் எலியைவிட முள்ளெலிக்கும் ஐரோப்பாவின் மோலுக்கும்தான் இது நெருங்கிய சொந்தம். (முள்ளெலியிலும் ‘எலி’ ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். தமிழும் இந்த விஷயத்தில் பரிசுத்தம் இல்லை.) உலகத்திலேயே எடை குறைந்த பாலூட்டி என்று சொல்லப்படும், இரண்டு கிராம்கூடத் தேறாத எட்ருஸ்கன் ஷ்ரூ நம் மூஞ்சூறோடு ஒரே பேரினத்தைச் சேர்ந்தது.

இன்னொரு வித்தியாசம் ஆய்வுக்கூடத்தில் தெரியவந்தது. எலியால் வாந்தி எடுக்க முடியாது. எலி பாஷாணம் வேலை செய்வதற்கு அதுவும் ஒரு காரணம்: தின்றதை வெளியே தள்ள அதற்கு வழியில்லை. மூஞ்சூறு வாந்தி எடுக்கும். 1980களின் பிற்பகுதியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். அதன் பிறகு, புற்றுநோய் மருந்து கொடுக்கும்போது வரும் வாந்தியை நிறுத்தும் மருந்துகளைச் சோதிக்க மூஞ்சூறு பயன்பட ஆரம்பித்தது. கீமோ போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து ஒரு வாய் கஞ்சி தங்குகிறதென்றால், அந்த ஆராய்ச்சி வரிசையில் எங்கோ இந்த நாத்தம் பிடித்த பிராணியும் நிற்கிறது. எலியை வைத்து அந்தச் சோதனையைச் செய்திருக்க முடியாது.

வீட்டில் பெரியவர்கள் சொன்ன ‘எலி இல்ல’ என்பதன் முழு எடை இதுதான். அவர்களுக்கு வகைப்பாட்டியல் தெரியாது, நடத்தை தெரியும். மூட்டையை ஓட்டை போடுவது எலி. தரையைத் தோண்டி மண்ணை வெளியே குவிப்பது பெருச்சாளி. சிந்திய தானியத்தில் வரும் பூச்சியைத் தேடி வருவது மூஞ்சூறு. துறைமுகத்தை ஒட்டிய குடோன்களில் மூன்றும் ஒரே கூரையின் கீழ் குடியிருக்கும், மூன்று வேலைக்கும் மூன்று பெயர்.

இப்போது ‘கஸ்தூரி’க்கு வருவோம்.

மூஞ்சூறின் விலாவில் சுரப்பி இருக்கிறது, அதிலிருந்துதான் அந்த வாடை. பூனைகூட அடித்துப் போட்டுவிட்டுத் தின்னாமல் போய்விடும். ஆங்கிலத்தில் மஸ்க் என்பது விலங்கின் சுரப்பியிலிருந்து வரும் கனத்த வாடை எதற்கும் பொதுவாகப் பொருந்தும், நல்லதோ கெட்டதோ. தமிழில் கஸ்தூரி அப்படியா? கஸ்தூரி என்றால் கோயில், சாமிக்குச் சாத்துவது, சித்த மருந்து, கஸ்தூரி மஞ்சள், கஸ்தூரி என்று பெண்ணுக்கு வைக்கும் பெயர். மணம் மட்டும்தான், நாற்றத்துக்கு அங்கே இடமே இல்லை. நடு ராத்திரி அரிசி டின் பின்னாலிருந்து மூஞ்சூறை விரட்டின கையை முகர்ந்து பார்த்துவிட்டு எவராவது கஸ்தூரின்னு சொல்வாங்களா? மஸ்க் என்ற சொல்லுக்குக் கஸ்தூரி என்று எழுதினால் சொல் சரி, மூக்கு தப்பு.

மஸ்க் என்ற சொல்லின் ஊர்ப்பயணம் தனிக் கதை. சமஸ்கிருத ‘முஷ்க’ (விதைப்பை என்று பொருள்) பாரசீகத்தில் ‘முஷ்க்’ ஆகி, கிரேக்க லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அந்த ‘முஷ்க’வே எலியைக் குறிக்கும் ‘மூஷ்’ என்பதிலிருந்து, ‘சுண்டெலி மாதிரி இருப்பது’ என்ற கணக்கில், வந்ததாகத்தான் சொற்பிறப்பு நூல்கள் சொல்கின்றன. நம் மூஷிகமும் அதே குடும்பம். ஆக மஸ்க்-ரேட் என்பதைத் தோண்டிக்கொண்டே போனால் எலி-எலி என்று முடிகிறது. மூஞ்சூறு இதில் எங்குமே இல்லை, பாவம்.

அந்த அமெரிக்கப் பிராணிக்காவது இந்தப் பெயர் சொந்தமா என்றால், அதுவும் முழுசாக இல்லை. 17ஆம் நூற்றாண்டில் வர்ஜீனியாவில் குடியேறிய ஆங்கிலேயர் அங்குள்ள அல்கோன்கியன் மொழிக்காரர்களிடம் கேட்டது ‘மஸ்க்வாஷ்’ போன்ற ஒரு சொல். ‘சிவப்பானது’ என்று அதற்குப் பொருள் சொல்வார்கள்; அந்த மிருகத்தின் ரோமம் செம்பழுப்பு. ஆங்கிலக் காதுக்கு அது ‘மஸ்க்’ என்று விழுந்தது. பிராணிக்கும் வாடைச் சுரப்பி இருந்தது, பார்க்க எலி மாதிரியும் இருந்தது. மஸ்க்-ரேட் என்று முடித்துவிட்டார்கள். நிறத்தைச் சொன்ன பெயர் வாடையைச் சொல்லும் பெயராக மாறியது. இந்தப் பக்கம் இந்தியாவில், முகத்தைச் சொன்ன மூஞ்சூறு என்ற பெயரை விட்டுவிட்டு அதே இரண்டு சொல்லை இதன் தலையிலும் கட்டினார்கள். ஒன்று ஒரு கிலோவுக்கு மேல் வளரும், தட்டை வாலை வைத்து நீந்தும், தோலுக்காக வேட்டையாடப்படும் நீர்வாழ் பிராணி. இன்னொன்று ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் பூச்சிதின்னி. இரண்டுக்கும் ஒரே பெயர்.

லின்னேயஸ் இந்தக் குட்டையைக் குழப்பவில்லை என்பது ஆச்சரியம். 1766இல் வந்த அவருடைய ‘சிஸ்டமா நேச்சுரே’ பன்னிரண்டாம் பதிப்பில்தான் இரண்டுமே முதன்முதலாக அறிவியல் பெயர் பெறுகின்றன, சில பக்க இடைவெளியில். மூஞ்சூறை ‘சோரெக்ஸ் மியூரினஸ்’ என்றார், எலி போன்ற ஷ்ரூ. அமெரிக்கப் பிராணியை ‘காஸ்டர் ஸிபெதிகஸ்’ என்றார், புனுகு வாடையுள்ள பீவர். பிற்பாடு பேரினப் பெயர்கள் மாறி சன்கஸ், ஒன்டாட்ரா என்று ஆகிவிட்டன. ஆனால் அவர் எழுதியது ‘எலி போன்ற’ என்றுதான். அந்தப் ‘போன்ற’வைத்தான் நடைமுறை ஆங்கிலம் தொலைத்தது.

வேறு மொழிகள் இதே பிராணியை எப்படிக் கூப்பிடுகின்றன என்று பார்த்தால் நம் சொல்லின் அருமை தெரியும். கன்னடத்தில் ‘சொண்டிலி’, தும்பிக்கை எலி. கன்னடக்காரர் மூக்கைப் பார்த்தார், ஆனால் எலியை விடவில்லை. சிங்களத்தில் ‘ஹிக் மீயா’, ஹிக் ஹிக் என்று கத்தும் எலி. சீனத்தில் இது காசு எலி: அதன் சத்தம் சில்லறை குலுங்குவதுபோல் இருக்கிறதாம், வீட்டுக்குள் வந்தால் பணம் வரும் என்று விரட்டமாட்டார்களாம். எல்லோரும் மூக்கையோ சத்தத்தையோ கவனித்துவிட்டு, கடைசியில் எலி என்று முடிக்கிறார்கள். தமிழ் மூஞ்சூறில் காதுக்கு முதலில் கேட்பது மூஞ்சி. கடைசியில் எலி என்ற ஒட்டு இல்லை. சுண்டெலி, வெள்ளெலி, முள்ளெலி, சரவெலி என்று எத்தனையோ எலிகளுக்குப் பெயர் வைத்த மொழி இதற்கு மட்டும் எலியைச் சேர்க்காமல் விட்டிருக்கிறது. யாரும் கூட்டம் போட்டு முடிவெடுத்திருக்கமாட்டார்கள்தான். ஆனால் கிடைத்ததைக் கெடுக்காமல் இருக்கலாம் இல்லையா?

‘தான் போக வழியைக் காணோமாம் மூஞ்சூறு, விளக்குமாத்தையும் இழுத்துக்கிட்டுப் போச்சாம்’ என்ற பழமொழியில்கூட இதைப் பார்க்கலாம். எலிக்கு இந்தப் பழமொழி ஒத்துவராது. எலி வழி இல்லாவிட்டால் கொறித்து வழி பண்ணிக்கொள்ளும். வழியில்லாமல் திணறுவது, சுவரோரமாக இருக்கிற இடுக்கை நம்பி ஓடும் மூஞ்சூறுதான். அதுவும் அது தனியாகப் போவதில்லை. குட்டிகளோடு இடம் மாறும்போது முதல் குட்டி தாயின் பின்பக்க மயிரைக் கவ்வும், அடுத்தது அதைக் கவ்வும், இப்படி ரயில் மாதிரி ஒரே வரிசையாகப் போகும். தூக்கினால்கூட விடாது. பழமொழி சொன்னவர் இந்த வரிசையைப் பார்த்துத்தான் விளக்குமாற்றைச் சேர்த்தாரோ என்று எனக்கு ஒரு நினைப்பு. நிரூபிக்க முடியாது, விட்டுவிடுகிறேன்.

பிள்ளையார் விஷயம் இங்கே வந்தே தீரும். தமிழ்நாட்டில் அவருடைய வாகனத்தை மூஞ்சூறு என்றுதான் சொல்கிறோம். சமஸ்கிருதம் மூஷிகம் என்கிறது. காலண்டர் ஓவியர் மோதகம் வைத்துக்கொண்டிருக்கும் சாதா எலியை வரைகிறார். சிற்பி பல இடங்களில் பெருச்சாளியைச் செதுக்கிவிட்டார். ஆனால் பெயர் மூஞ்சூறாக இருப்பதால், “சாமி வாகனம், அடிக்காதே” என்ற பாதுகாப்பு நம் வீடுகளில் பெருமளவு இந்தப் பூச்சிதின்னிக்கே போய்ச் சேர்ந்தது. அதே வீட்டில் எலிக்கு மசால்வடை வைத்துப் பொறி வைப்பார்கள். பக்தியில் முரண் இல்லை, பெயர் வேறு.

பெயர் போனால் இந்தப் பாதுகாப்பும் போகும். இதுதான் என்னை உறுத்துவது. இன்றைக்குக் குடோனிலும் அடுக்ககத்திலும் பூச்சி ஒழிப்பு என்பது குத்தகை வேலை. அறிக்கைத் தாளில் ஒரே கட்டம்: ரேட்ஸ். பசை அட்டையில் ஒட்டிக்கொண்டு சாவது எதுவானாலும் அந்தக் கட்டத்தில் விழும். சுவரோரமாக வைக்கும் அட்டையில் சுவரோரமாகவே ஓடும் பிராணி மாட்டாமல் என்ன செய்யும்? தானிய மூட்டையைத் தொடாத, கரப்பானைத் தின்னும் ஒன்றைக் கொன்றுவிட்டு, மூட்டை இன்னும் ஓட்டையாகிறதே என்று தலையைச் சொறிகிறோம்.

உடனே மூஞ்சூறைப் புனிதராக்கவேண்டாம். இது கோழிக்குஞ்சைக் கடிக்கும், மூடாத சாப்பாட்டில் வாய்வைக்கும். மடகாஸ்கரில் மஹஜங்கா என்ற துறைமுக நகரத்தில் 1990களில் பிளேக் திரும்பி வந்தபோது, ஆய்வாளர்கள் எலிகளில் மட்டுமல்ல, மூஞ்சூறுகளிலும் அந்தக் கிருமியைக் கண்டார்கள். எலி இல்லை என்பதால் தீங்கில்லாதது என்று அர்த்தமில்லை. ஆனால் அதற்கும் முதலில் அது எலி இல்லை என்று தெரிந்திருக்கவேண்டும். எலியை மட்டும் தேடிப் போயிருந்தால் மஹஜங்காவில் பாதிக் கதையைத்தான் பார்த்திருப்பார்கள்.

துறைமுகத்துக்கு இது வெறும் உவமை இல்லை. மூஞ்சூறு கப்பலேறிய பிராணி. தெற்காசியாவிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்கக் கரை, அரபுக் கரை, மொரீஷியஸ் என்று சரக்கோடு போய் இறங்கியிருக்கிறது. பசிபிக்கில் குவாம் தீவுக்கு 1953இல் போய்ச் சேர்ந்து சில வருஷத்தில் தீவு முழுக்கப் பரவியது. கப்பல் கட்டும் கயிற்றில் வட்டத் தகடு மாட்டியிருப்பதைத் துறைமுகத்தில் பார்த்திருப்பீர்கள், ரேட் கார்டு, கயிறு வழியாக எலி ஏறாமல் இருக்க. கப்பல்கள் கையில் வைத்திருக்கவேண்டிய பழைய சான்றிதழின் பெயரும் டீரேட்டிங் சர்டிபிகேட், எலி நீக்கச் சான்றிதழ். 2005ஆம் வருடத்துச் சர்வதேச சுகாதார விதிமுறைகள் 2007இல் அமலுக்கு வந்தபோது அந்தப் பெயரை எடுத்துவிட்டு, கப்பல் சுகாதாரச் சான்றிதழ் என்று மாற்றினார்கள். எலியை மட்டும் பார்க்காதே, நோயைச் சுமக்கும் எதையும் பார் என்பது இப்போதைய நிலை. எலியென்ற ஒற்றைச் சொல்லில் எல்லாவற்றையும் அடக்க முடியாது என்று ஒரு சர்வதேசக் காகிதமே ஒப்புக்கொண்ட இடம் இது. புகை போட்டால் எலியும் சாகும் மூஞ்சூறும் சாகும் என்பது வேறு விஷயம், புகைக்கு அகராதி தேவையில்லை.

எதிர்த்திசையில் போன ஒரு பெயரையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் ஆங்கிலேயர் மட்டும்தான் கெடுத்தார்கள் என்று ஆகிவிடும். பெருச்சாளிக்கு ஆங்கிலத்தில் பேண்டிகூட். அது தெலுங்கு ‘பந்தி கொக்கு’, பன்றி எலி. காசிமேட்டிலும் ராயபுரத்திலும் தெலுங்கு பேசும் குடும்பங்கள் இன்றும் நிறைய, அவர்கள் காதில் ஆங்கிலச் சொல்லைப் போட்டாலே அடையாளம் கண்டுகொள்வார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆஸ்திரேலியா போன ஆங்கிலேயர், அங்கே தரையைத் தோண்டும் நீள மூக்குப் பிராணி ஒன்றைப் பார்த்து பேண்டிகூட் என்று கூப்பிட்டார்கள். அது எலியே இல்லை, கங்காரு மாதிரி வயிற்றுப் பையில் குட்டி வளர்ப்பது. ஆக, ஆந்திரக்கரையின் பன்றி எலி ஆஸ்திரேலியாவில் வேறு ஒரு பிராணியாக வாழ்கிறது. இன்றைக்குத் தமிழில் ஆஸ்திரேலியக் கதையை மொழிபெயர்க்கும் ஒருவர் ‘பெருச்சாளி’ என்று போட்டால் என்ன ஆகுமோ, அதேதான் மதராஸ் பங்களாவில் ‘கஸ்தூரி எலி’ என்று போட்டாலும் ஆகிறது. முன்னதைத் தப்பு என்று உடனே சொல்வோம். பின்னதை அச்சில் விட்டுவிடுகிறோம்.

அப்படியானால் என்ன எழுதுவது? இந்தியாவைப் பற்றிய பழைய ஆங்கில எழுத்தில் மஸ்க்-ரேட் வந்தால், வீடும் சுவரும் வாடையும் பக்கத்தில் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு மூஞ்சூறு. வட அமெரிக்காவும் சதுப்பும் தோல் வியாபாரமும் இருந்தால் அது ஒன்டாட்ரா. 1905இல் ப்ராக் நகரத்துக்குப் பக்கத்தில் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார்கள், அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவியது, இன்றும் நெதர்லாந்தில் நீர்க்கரைகளைத் தோண்டிக் கெடுக்கிறது என்று ஆள் வைத்துப் பிடிக்கிறார்கள். இதற்கு மஸ்க்ரேட் என்று ஒலிபெயர்த்தாலே போதும் என்பது என் கட்சி. ‘நீர்க் கஸ்தூரி எலி’, ‘சதுப்பெலி’ மாதிரி புதுசாகச் செய்யத்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் செய்துகொள்ளட்டும், மூஞ்சூறை மட்டும் அதற்குள் இழுக்காமல் இருந்தால் சரி.

கிப்ளிங் கதையைத் தமிழாக்குபவருக்கு ஒரு சங்கடம் மிச்சம். சுச்சுந்தராவை மூஞ்சூறு என்று சரியாகப் போட்டுவிட்டால், அது எலியை உறவு சொல்லிக் கூப்பிடும் இடம் இடிக்கும். திருத்தவேண்டாம் என்பேன். அது கிப்ளிங்கின் தப்பு, அவர் கணக்கிலேயே இருக்கட்டும். மூஞ்சூறு என்று படிக்கும் தமிழ்க் குழந்தை அந்த வரி வந்ததும் “எலி எப்படி இதுக்குச் சொந்தக்காரனாகும்?” என்று கேட்கும். ‘கஸ்தூரி எலி’ என்று படித்த குழந்தைக்கு அந்தக் கேள்வியே வராது.